இரண்டு பேஸ்பால் அணிகளின் ஸ்டார்ட்டர்களை ஒப்பிடுவது எப்படி?

பாஸ்டன் ரெட் சாக்ஸா, நியூயார்க் யாங்கீஸா என்று விவாதம் கிளம்பினால் ஆளாளுக்குத் தங்கள் அணியின் பெரிய ஸ்டார்ட்டரைத்தான், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசும் பிட்சரைத்தான், முதலில் இழுப்பார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். 2000ஆம் ஆண்டு சீசனை வைத்தே பார்த்துவிடுவோம்.

படி 1: பிட்சரின் பெயரில் எழுதப்படும் வெற்றி எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். அந்த ஆண்டு யாங்கீஸின் ஆண்டி பெட்டிட்டுக்கு 19 வெற்றி, ரெட் சாக்ஸின் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு 18. அதனால் பெட்டிட்தான் உசத்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் தன் அணி எத்தனை ரன் அடிக்கிறது என்பது பிட்சர் கையில் இல்லை.

படி 2: ஈ.ஆர்.ஏ. பாருங்கள். ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கு இது, குறைவாக இருந்தால்தான் நல்லது. கொடுத்த ரன்களில் ஃபீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்துவிட்டு, மீதியை 9ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். பெட்ரோ 217 இன்னிங்ஸில், பிழை ரன்களைக் கழித்தபின், 42 ரன், அதாவது 1.74. யாங்கீஸின் ரோஜர் கிளெமென்ஸ் 3.70, இரு அணிகளும் ஆடும் அமெரிக்கன் லீக்கில் அதுதான் இரண்டாம் இடம் என்றால் பெட்ரோ எவ்வளவு தூரம் முன்னால் ஓடியிருக்கிறார் பாருங்கள்! ஒன்று கவனம்: கிளெமென்ஸுக்கு 204.1 இன்னிங்ஸ் என்று போட்டிருக்கும். அந்த .1 என்பது கூடுதலாக ஒரு அவுட். மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ், ஆகவே கால்குலேட்டரில் 204.33 என்று போடுங்கள்.

படி 3: ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) எண்ணிக்கையை ‘வாக்’ (நான்கு தவறான பந்து வீசி பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது) எண்ணிக்கையால் வகுங்கள். இதில் ஃபீல்டர்களுக்குப் பங்கே இல்லை. பெட்ரோ 284 ஸ்ட்ரைக் அவுட்டுக்கு 32 வாக், கிட்டத்தட்ட 9 மடங்கு. கிளெமென்ஸ் 188க்கு 84, இரண்டேகால் மடங்குதான்.

படி 4: இதுதான் முக்கியம், பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஸ்டார்ட்டர் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். 162 ஆட்டத்தில் பெட்ரோ தொடங்கியது 29. மற்ற நாட்களில்? அவருடைய அண்ணன் ரமோனின் ஈ.ஆர்.ஏ. 6.13, ஜெஃப் ஃபசெரோ 4.78. யாங்கீஸ் பக்கம் பெட்டிட் 4.35, ஓர்லாண்டோ ஹெர்னாண்டஸ் 4.51, இருவருமே 200 இன்னிங்ஸை ஒட்டி வீசியவர்கள். டேவிட் கோன் 6.91 என்று சொதப்பியும் யாங்கீஸ் தாங்கியதற்கு இது ஒரு காரணம். ஆகவே முதல் ஆளோடு முதல் ஆள், மூன்றாம் ஆளோடு மூன்றாம் ஆள் என்று வரிசையாக நிறுத்திப் பாருங்கள்.

படி 5: எதற்காக ஒப்பிடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரே ஒரு ஆட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோ. முழு சீசன் என்றால் நான் யாங்கீஸ் வரிசையைத்தான் எடுப்பேன். அந்த ஆண்டு இரு அணிகளும் இருந்த டிவிஷனில் (லீக்கின் ஒரு பிரிவு) முதலிடத்தை இரண்டரை ஆட்ட வித்தியாசத்தில் அவர்கள்தான் பிடித்தார்கள்.