ரேட்51 சோதனை: எந்தப் புரதத்தை முதலில் விடுவது?

ரேட்51 ஒரு ரீகாம்பினேஸ். அறுந்த டிஎன்ஏவின் ஒற்றை இழைமேல் வரிசையாக உட்கார்ந்து, அதே எழுத்துவரிசை உள்ள இன்னொரு இரட்டை இழையைத் தேடிப்பிடித்து, தான் உட்கார்ந்த இழையை அதற்குள் நுழைக்கும். புதிதாக வருபவர்கள் இதை ட்யூபில் செய்து பார்க்கும்போது நான் அன்று செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். பைப்பெட் தவறுகளை விட்டுவிடுகிறேன், கை பழகினால் சரியாகிவிடும்.

ஆர்பிஏவை முதலில் விடுவது

ஒற்றை இழை தன்மேலேயே மடிந்துகொள்ளும், அதை நீட்டிவைக்க, மேலே ஒட்டிக்கொள்ளும் ஆர்பிஏ என்ற புரதம் வேண்டும் என்று படித்திருப்போம், அதனால் அதை முதலில் விடத் தோன்றும். விட்டால், விளைந்த டிஎன்ஏவைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் ஒன்றும் வராது. ஆர்பிஏவின் பிடி அவ்வளவு இறுக்கம், ரேட்51 உட்காரவே இடம் கிடைக்காது. நான் புரதம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, மூன்று வாரம் செலவழித்து மறுபடி சுத்திகரித்தேன். அப்புறம் வரிசையை மாற்றியதும் பழைய ட்யூப் புரதத்திலேயே பட்டை பளிச்சென்று விழுந்தது. போன மாதம் ஒரு தம்பி இதே காரணத்துக்காக நல்ல புரதத்தைக் கொட்டப் போனான், பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

முதலில் ரேட்51, ஏடிபி, மக்னீசியம். சில நிமிடம் கழித்து ஆர்பிஏ. அவ்வளவுதான்.

செல்லுக்குள் வேறு கதை. அறுந்த முனையை நொதிகள் அரித்து ஒற்றை இழையாக்கியதும் ஆர்பிஏதான் முதலில் வந்து மூடுகிறது. அதை விலக்கி ரேட்51-ஐ உட்கார வைக்க மனிதரில் பிஆர்சிஏ2, ஈஸ்ட்டில் ரேட்52 என்ற புரதங்கள் இருக்கின்றன. என் ட்யூபில் அப்படி யாரும் இல்லை. பிஆர்சிஏ2 கெட்டுப்போன செல் ஏன் தடுமாறுகிறது என்பதைத்தான் அந்த வெற்று ஜெல் காட்டிக்கொண்டிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ரேட்51-ஐ அள்ளிப் போடுவது

ஒரு மூலக்கூறு 3 நியூக்ளியோடைடுகளை, அதாவது இழையின் 3 எழுத்துகளைப் பிடிக்கும். 5,386 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஃபைஎக்ஸ்174 வைரஸின் ஒற்றை இழை டிஎன்ஏ வட்டத்துக்குச் சுமார் 1,800 மூலக்கூறுகள் போதும். மிஞ்சியது இரட்டை இழையில் போய் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும்.

புரதத்தோடு ஜெல்லில் ஏற்றுவது

டிஎன்ஏவில் ஒட்டிய புரதங்களைக் கழற்றிச் சிதைக்கும் எஸ்டிஎஸ், புரோட்டினேஸ் கே போட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும்.

எல்லாச் செல்லிலும் புள்ளி எண்ணுவது

செல்லுக்குள் பார்க்கும்போது, டிஎன்ஏ அறுந்த இடத்தில் ரேட்51 கூடுவது நுண்ணோக்கியில் புள்ளியாகத் தெரியும். டிஎன்ஏ நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டத்தில் நகல் டிஎன்ஏ இன்னும் உருவாகியிருக்காது, ரேட்51 புள்ளிகளும் அங்கே பெரும்பாலும் இருக்காது. ஜி1 கட்டம் தாண்டிய பிறகே தெரியும் ஜெமினின் என்ற புரதத்துக்கும் சேர்த்துச் சாயமிட்டு, அது தெரியும் செல்களில் மட்டும் எண்ணுங்கள்.