ரோமில் தண்ணீருக்குக் காசு வேண்டாம்

ரோமில் நண்பரோடு ஊர் சுற்றக் கிளம்பும்போது ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. தெருவோரங்களில் வளைந்த மூக்கு மாதிரிக் குழாயோடு இரும்புத் தூண்கள் நிற்கும். பெயர் நசோனி, 1870களிலிருந்தே இருப்பவை. வீடுகளுக்குப் போகும் அதே குடிநீர்தான் இதிலும் வருகிறது. ஓயாமல் ஓடுவதால் வெயிலிலும் சில்லென்றிருக்கும். பாட்டில் இல்லையா? குழாய் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனிந்து குடிக்கலாம். மெதுவாக அடையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் நண்பர் நனைந்துவிடுவார்!

‘நோன் பொத்தாபிலே’ (குடிக்க உகந்ததல்ல) என்று பலகை இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். அப்புறம், உணவகத்தில் இந்த இலவசத் தண்ணீர்க் கணக்கு செல்லாது. அங்கே பெரும்பாலும் பாட்டில் தண்ணீர்தான் தருவார்கள், அது பில்லில் ஏறிவிடும்.