கோடை ஆய்வு: முதல்முறை இறங்கும் கால்நடை மருத்துவ மாணவருக்குப் படிப்படியான வழிகாட்டி

கோடைகால ஆய்வுக்கான வேலை ஐப்பசி மழையிலேயே தொடங்கிவிடுகிறது. ஏப்ரலில் தேர்வு முடிந்த பிறகு, "எங்காவது இரண்டு மாதம் ஆய்வகத்தில் இருக்க முடியுமா?" என்று கேட்டு வரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற பதில்தான் கிடைக்கிறது. அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. எப்போது, யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பி.வி.எஸ்சி. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டு, இதுவரை எந்த ஆய்விலும் கை வைக்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கோடையில் பெரிய நிறுவனத்தின் பெயரைத் தேடி ஓடாதீர்கள். எட்டு வாரத்தில் முடிகிற ஒரு சிறிய கேள்வியையும், வாரம் ஒருமுறையாவது உங்களோடு உட்கார்ந்து பேசுகிற ஒரு வழிகாட்டியையும் தேடுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் அடைவதற்குத்தான்.

படி 1: உங்கள் விடுமுறையை அளந்துகொள்ளுங்கள்

நான்கரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி என்று நீளும் பாடத்திட்டத்தில் நமக்குக் கிடைக்கும் விடுமுறை, அறிவியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். தேசிய அளவிலான திட்டங்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாக இரண்டு மாதம் கேட்கின்றன. கல்லூரியின் கல்வி நாள்காட்டியை எடுத்து, எத்தனை வாரம் முழுதாக உங்கள் கையில் இருக்கிறது என்று பாருங்கள். எட்டு வாரம் இல்லையென்றால் வெளியூர்த் திட்டங்களை இந்த ஆண்டு விட்டுவிடலாம். சொந்தக் கல்லூரியிலேயே ஒரு துறையில் நான்கு வாரம் முழுநேரமாக வேலை செய்து, கல்லூரி திறந்தபின் மாலை நேரங்களில் தொடரலாம். வருகைப்பதிவைப் பணயம் வைக்க வேண்டாம். வெளியே போவதாக இருந்தால் முதல்வரின் அனுமதிக் கடிதம் தேவைப்படும். அதற்கும் சில நாட்கள் ஆகும்.

படி 2: ஒரு கேள்வியைப் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "மூலக்கூறு உயிரியலில் ஆர்வம்", "வனவிலங்குகளில் ஆர்வம்" என்பவை துறைகளின் பெயர்கள். அவற்றிலிருந்து கேள்விக்கு இறங்கி வர வேண்டும்.

கேள்வி எப்படிக் குறுகிக்கொண்டே போகிறது என்பதற்கு, பாறு கழுகுகளின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1990களில் தெற்காசியாவில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பாகிஸ்தானில் இறந்துகிடந்த பறவைகளைக் கால்நடை மருத்துவரான லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும் அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. கிருமியா என்று தேடினார்கள், பூச்சிக்கொல்லியா, கன உலோகமா என்றும் தேடினார்கள், எதுவும் பொருந்தவில்லை. பிறகு கேள்வியை மாற்றினார்கள்: இந்தப் பறவைகள் எதைத் தின்கின்றன? இறந்த மாடுகளை. அந்த மாடுகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் விசாரித்தபோது டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி வந்து நின்றது. 2004இல் அந்த ஆய்வு வெளியானது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கைத் தடைசெய்தன. நம் நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகுகள் வட்டமிடுகின்றன என்றால், அந்தத் தடைக்கும் அதில் பங்கு உண்டு.

எட்டு வாரத்தில் அவ்வளவு பெரிய விடை கிடைக்காது. ஆனால் கேள்வியைக் குறுக்கும் முறை இதுவேதான். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

வெள்ளாடு வளர்ப்பவர்கள் "பூச்சி மருந்து கொடுத்தும் ஆடு தேறவில்லை" என்று சொல்வதை மருத்துவமனையில் கேட்டிருப்பீர்கள். இதை ஆய்வுக் கேள்வியாக மாற்றினால்: இந்தப் பண்ணையின் வெள்ளாடுகளில் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தைக் கொடுத்த 14ஆம் நாள், புழுக்கையில் உள்ள புழு முட்டைகளின் எண்ணிக்கை எத்தனை விழுக்காடு குறைகிறது?

இதற்கு வேண்டியவை நுண்ணோக்கி, மெக்மாஸ்டர் எண்ணும் கண்ணாடி, தராசு, உப்புக் கரைசல் ஆகியவைதான். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் குடற்புழு மருந்து கொடுக்கப்படாத ஆடுகளைத் தேர்ந்தெடுங்கள். புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காமல் நேரடியாக மலக்குடலிலிருந்து எடுங்கள். ஒவ்வோர் ஆட்டுக்கும் தனிப் பை, அதன்மேல் காதுத்தோட்டின் எண். மாதிரியைக் குளிர்ச்சியாக வையுங்கள், உறைய வைத்துவிடாதீர்கள். வெயிலில் விட்டால் முட்டைகள் பொரிந்து எண்ணிக்கை தவறும்.

நான்கு கிராம் புழுக்கையை நசுக்கி, 56 மில்லி நிறைவுற்ற உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, கண்ணாடியின் இரண்டு அறைகளிலும் நிரப்புங்கள். முட்டைகள் மேலே மிதந்துவர ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டு அறைகளின் கோடுகளுக்குள்ளும் இருப்பதை எண்ணி 50ஆல் பெருக்கினால், ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது வரும். மருந்துக்கு முன் சராசரி 800, பின் 200 என்றால் குறைவு 75 விழுக்காடு. 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மருந்து எதிர்ப்பு இருக்கலாம் என்று ஐயப்பட இடமுண்டு.

இனிமேல்தான் ஆய்வே ஆரம்பிக்கிறது. எண்ணிக்கை குறையாததற்குப் புழுவின் எதிர்ப்பு மட்டுந்தான் காரணமா? ஆட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு மருந்தைக் குறைவாகக் கொடுத்திருக்கலாம். செம்மறியைவிட வெள்ளாட்டின் உடல் இந்த மருந்தை விரைவாக வெளியேற்றிவிடுகிறது. செம்மறியின் அளவையே வெள்ளாட்டுக்கும் கொடுத்தால் போதாது. ஆகவே ஒவ்வோர் ஆட்டையும் எடை போடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் முட்டை எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கவும் கூடும் என்பதால், மருந்து கொடுக்காத ஒரு குழுவும் வேண்டும். அந்தக் குழுவில் கண்ணிமை உட்புறம் வெளுத்த, சோர்ந்த ஆட்டைச் சேர்க்காதீர்கள். அதற்கு உடனே சிகிச்சை தர வேண்டும். இன்னொன்று: முட்டையை மட்டும் பார்த்து "இது ஹீமான்கஸ்" (இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழு) என்று எழுதிவிடாதீர்கள். இந்த வகைப் புழுக்களில் பலவற்றின் முட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். புழுக்கையை ஒரு வாரத்துக்கு மேல் வளர்ப்பில் வைத்து, வெளிவரும் இளம்புழுக்களைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

ஒரு சிறிய கேள்விக்குள் எத்தனை பாடங்கள் இருக்கின்றன, பாருங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை.

வேறு கேள்விகளும் உண்டு. மடிநோய் வந்த மாடுகளின் பாலிலிருந்து பிரித்த பாக்டீரியாக்கள் எந்த நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குக் கட்டுப்படுகின்றன என்று பார்க்கலாம். கல்லூரி மருத்துவமனையின் பழைய பதிவேடுகளை எடுத்து, நாய்க்குட்டிகளில் பார்வோ நோய் எந்த மாதங்களில் கூடுகிறது என்று பார்க்கலாம். பதிவேட்டு ஆய்வு பலருக்குச் சுவையற்றதாகத் தோன்றும். எனக்கோ முதல் ஆய்வுக்கு அது மிகவும் ஏற்றதாகப் படுகிறது. தரவு ஏற்கெனவே இருக்கிறது, விலங்குகளுக்குத் தொல்லை இல்லை, மழையால் களப்பணி நின்றுபோவதும் இல்லை.

படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் உங்கள் வளாகத்தையே பாருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒட்டுண்ணியியல், நுண்ணுயிரியல், நோய்க்குறியியல் துறைகள் உள்ளன. அங்கே முதுநிலை மாணவர்களின் ஆய்வு ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு இன்னும் இரண்டு கைகள் எப்போதும் தேவை.

வெளியே போக முடிந்தவர்களுக்கு, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் (Indian Academy of Sciences) மற்ற இரு தேசிய அறிவியல் கழகங்களோடு சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கைத் திட்டம் இருக்கிறது. இரண்டு மாதம், உதவித்தொகையோடு. உயிர் அறிவியல் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாக விண்ணப்பம் நவம்பரையொட்டி முடிந்துவிடும். ஏன் ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு எழுத்தும், உங்களை அறிந்த ஆசிரியரின் பரிந்துரையும் கேட்பார்கள். பரிந்துரைக்கு ஆசிரியரைக் கடைசி நாளில் தேடிப் போகாதீர்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் உங்கள் படிப்பும் ஆண்டும் தகுதிப் பட்டியலில் இருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை மனித மருத்துவம், பல் மருத்துவம் படிப்பவர்களுக்கானது. அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆய்வாளருக்கு நேரடியாக எழுதியும் வாய்ப்புக் கேட்கலாம். நோய்ப்பரவலும் புள்ளிவிவரமும் பிடித்தால் பெங்களூரின் நிவேதி (தேசிய கால்நடை நோய்ப்பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம்), மரபியலும் தடுப்பூசியும் என்றால் ஹைதராபாத்தின் தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம், வனவிலங்கு என்றால் அதே ஊரில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைக் காப்பதற்கான ஆய்வகமான லாகோன்ஸ். உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் எழுதலாம். அது 1889இல் புனேயில் தொடங்கப்பட்டுப் பின்னர் முக்தேஸ்வர் மலைக்கு மாறியது. 1920களில் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், மாடுகளைக் கொன்றுகுவித்த வெக்கை நோயின் கிருமியை ஆடுகளில் தொடர்ந்து செலுத்தி வீரியம் குறைத்துத் தடுப்பூசியாக்கியது அந்த மலையில்தான். அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் கால்நடை மருத்துவ மாணவர்களுக்காக நடத்தும் பத்து வாரத் திட்டம் வெளிநாட்டு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் போட்டி கடுமை. முதல் கோடையை உள்ளூரில் முடித்துவிட்டு இரண்டாவது கோடைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடிதம் எழுதுங்கள்

ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் அண்மை ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கடிதம் ஆங்கிலத்தில் போகும் என்றாலும், உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய அம்மா, நான் பி.வி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவன். வெள்ளாடுகளில் மருந்து எதிர்ப்புப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மருந்து கொடுக்காத குழுவிலும் எண்ணிக்கை குறைந்ததற்கு மேய்ச்சல் நிலம் காரணமாக இருக்குமா என்று எனக்கு ஐயம். மே, ஜூன் மாதங்களில் எட்டு வாரம் உங்களிடம் பயில விரும்புகிறேன். மெக்மாஸ்டர் முறையில் எண்ணத் தெரியும். புள்ளியியல் இனிமேல்தான் கற்க வேண்டும். தங்குமிடத்தை நானே பார்த்துக்கொள்வேன்."

தெரிந்ததையும் தெரியாததையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒப்புக்கொண்டவரிடம் கேட்க வேண்டியவை: என் அன்றாட வேலையை யார் மேற்பார்ப்பார்கள், கேள்வி என்ன, அனுமதிகள் வாங்கியாகிவிட்டனவா?

படி 5: அனுமதியும் பாதுகாப்பும்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ், விலங்குகளில் செய்யும் சோதனைகளுக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். குழு எப்போதாவதுதான் கூடும். மே மாதம் விண்ணப்பித்து ஜூனில் வேலை தொடங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற ஆய்வின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதே முதல்முறை வருபவருக்கு நல்லது. பண்ணை மாதிரிகளுக்கும் ஒப்புதல் வேண்டுமா என்பதை வழிகாட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். உரிமையாளரின் சம்மதம் எப்படியும் வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே முழுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையோ கருவையோ கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கன்று வீசுவதற்குக் காரணமாகும் புருசெல்லா கிருமி அவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றும்; ஆய்வகத்திலிருந்தும் தொற்றும். "கொஞ்ச நேரம்தானே" என்று முகக்கவசத்தைக் கழற்றுகிறவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், நீங்கள் கழற்றாதீர்கள்.

படி 6: எட்டு வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வாரம் படிப்பதற்கும், ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பழகுவதற்கும். உங்கள் எண்ணிக்கையும் மூத்த மாணவரின் எண்ணிக்கையும் நெருங்கி வரும்வரை உண்மையான மாதிரியைத் தொட வேண்டாம். அடுத்த நான்கைந்து வாரம் தரவு சேகரிப்பு. கடைசி இரண்டு வாரத்தை எழுதுவதற்கென்று கட்டாயம் ஒதுக்குங்கள். அதில் கை வைக்கத் தூண்டும் எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஆய்வுக் குறிப்பேடு பக்க எண்ணிட்ட, தைத்த நோட்டாக இருக்கட்டும். பேனாவால் எழுதுங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்துங்கள், கிழிக்காதீர்கள். எண்ணிய எண்ணை அப்படியே எழுதுங்கள், பெருக்கலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றைய எண்களை அன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுங்கள். எதிர்பார்த்தது வராத ஆட்டின் எண்ணை நீக்கிவிடத் தோன்றும். நீக்கினால் அது ஆய்வே இல்லை. ஏன் அப்படி வந்தது என்று குறிப்பேட்டில் எழுதி, அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

படி 7: முடித்துக்கொடுங்கள்

ஆய்வு கட்டுரையாக வெளிவந்தால் உங்கள் பெயர் இடம்பெறுமா என்பதை இரண்டாம் வாரத்திலேயே பணிவாகக் கேட்டுவிடுங்கள். கிளம்பும் நாளில் கேட்பது இருவருக்கும் சங்கடம். குறிப்பேட்டை ஆய்வகத்தில் ஒப்படைத்துவிட்டு, வழிகாட்டியின் அனுமதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பக்க அறிக்கையை எழுதி, கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு சுவரொட்டியாகவாவது வையுங்கள். மருந்து நன்றாக வேலை செய்தது என்பதும் ஒரு முடிவுதான்.

ஆடுகளைப் பிடித்துக் கொடுத்து உங்களுக்காக ஒரு காலைப்பொழுதை விட்டுக்கொடுத்த உரிமையாளருக்கு, எந்த மருந்து அவர் பண்ணையில் எவ்வளவு வேலை செய்தது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி நேரில் கொடுங்கள். அதன் நகலை அந்தப் பகுதியின் கால்நடை உதவி மருத்துவரிடமும் சேர்த்துவிடுங்கள். அங்குள்ள ஆடுகளுக்கு எந்தப் புழு மருந்தை எழுதுவது என்று நாள்தோறும் முடிவெடுப்பவர் அவர்தான்.