கையால் சாயமேற்றிய நூலோடு வர்த்தகக் கண்காட்சிக்கு: முதல் ஸ்டால் போடுபவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவில் கம்பளி நூலுக்குக் கையால் சாயம் ஏற்றி விற்கும் சின்னக் கம்பெனிகள் ஏராளம். பாதிப்பேர் வீட்டு அடுப்பில் ஒரு பானையோடு ஆரம்பித்தவர்கள்தான். அப்புறம் ஆன்லைன் கடை, அதன்பின் ரைன்பெக்கில் அக்டோபர் மாதம் நடக்கும் நியூயார்க் மாநில ஆடு, கம்பளித் திருவிழா மாதிரி இடங்களில் ஒரு ஸ்டால் என்று மெதுவாக வளர்வார்கள். அங்கே நன்றாக விற்றவர்களுக்கு வர்த்தகக் கண்காட்சியும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் வருகிற ஆள் வேறு. திருவிழாவுக்கு வருகிறவர் பின்னுகிறவர், ஒரு சிட்டம் (முறுக்கிக் கட்டின நூல்கற்றை) கண்ணில் பட்டுப் பிடித்துவிட்டால் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார், அந்த நிறம் உலகத்தில் அது ஒன்றுதான் என்றால் அவருக்கு இன்னும் சந்தோஷம். வர்த்தகக் கண்காட்சிக்கு வருகிறவர் ஏதோ ஓர் ஊரில் நூல்கடை நடத்துகிறவர். மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் இதே நிறத்தை இவர்களால் தர முடியுமா என்றுதான் அவர் உங்கள் ஸ்டாலில் நின்று பார்ப்பார். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயார் செய்வதுதான்.

படி 1: எந்தக் கண்காட்சி என்று முடிவு செய்யுங்கள்

ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் கண்காட்சி என்றாலே ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் கோடையில் நடந்ததைத்தான் சொல்வார்கள். இப்போது 2022 முதல் சிகாகோ பக்கத்தில் ரோஸ்மாண்டில், ஓஹேர் விமான நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் டொனால்ட் ஈ. ஸ்டீஃபன்ஸ் அரங்கில் எச் பிளஸ் எச் அமெரிக்காஸ் என்ற கண்காட்சி நடக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் எச் பிளஸ் எச் கொலோனின் அமெரிக்கக் கிளை இது. நீங்கள் சாயம் ஏற்றுவது பின்னல் நூலுக்கு இல்லை, குறுக்குத் தையலுக்கான எம்பிராய்டரி நூலுக்கு என்றால் நாஷ்வில் ஊசிவேலைச் சந்தைதான் உங்கள் இடம். இந்தப் பதிவில் சொல்வது ரோஸ்மாண்ட் மாதிரி பெரிய அரங்கில் 10க்கு 10 அடி ஸ்டால் எடுக்கும் பின்னல் நூல் கம்பெனிக்கு.

முதல் வருடம் ஸ்டால் எடுக்காமல் பார்வையாளராக ஒருமுறை போய்வருவது என் கணக்கில் மிக நல்ல செலவு.

படி 2: நிறங்களைக் குறையுங்கள்

ஆன்லைனில் 90 நிறம் வைத்திருக்கிறீர்களா? கண்காட்சிக்கு 24 போதும். எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லோரும் திணறுவார்கள். ஒரே நிறத்தில் அடர்த்தி மட்டும் ஏறி இறங்கும் வகையைத் திரும்பச் செய்வது சுலபம். சாயப் பொடியைத் தூவிப் புள்ளி புள்ளியாக வரவைப்பது பார்க்க அழகு, ஆனால் அது கையின் வேகத்தையும் நூலின் ஈரத்தையும் பொறுத்தது, போன மாதம் தூவியவர் வேறு ஆள் என்றால் நூலும் வேறு நூல்தான். அதனால் பாதிக்கு மேல் ஒற்றை நிறமாகவும், மீதியில் பலவண்ணமும், புள்ளி வைத்ததில் நான்கைந்து மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பலவண்ணச் சிட்டம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைக்க ஒத்துப்போகும் ஒற்றை நிறம் ஒன்று இருக்கட்டும். கடைக்காரர் ஒன்றை மட்டும் வாங்குவதற்குப் பதில் ஜோடியாக வாங்குவார்.

படி 3: நிறத்தை எழுதி வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கண்ணளவில் சாயம் போடுகிறவர் திருவிழாவில் பிழைத்துக்கொள்வார், மொத்த வியாபாரத்தில் முடியாது.

கம்பளி, பட்டு, நைலான் மூன்றுக்கும் ஆசிட் சாயம்தான், அமிலமும் சூடும் சேர்ந்தால் நூலில் ஒட்டும் வகை. பருத்திக்கு இது ஒட்டாது, அதற்கு ரியாக்டிவ் சாயமும் சோடா சாம்பலும் வேண்டும், அது வேறு கதை. ஆசிட் சாயத்தில் கணக்கு ரொம்ப எளிது. 10 கிராம் பொடியை முதலில் கொஞ்சம் வெந்நீரில் குழைத்து, பிறகு மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்தால் அது 1% கரைசல். 100 கிராம் சிட்டத்துக்கு அந்தக் கரைசலில் 100 மில்லி ஊற்றினால் நூலின் எடையில் 1% சாயம் ஏறும், நடுத்தர அடர்த்தி வரும். வெளிர் நிறத்துக்கு 10 மில்லிகூடப் போதும், கறுப்புக்கு 300, 400 வரை போக வேண்டியிருக்கும். பொடியை ஸ்பூனில் அள்ளாதீர்கள், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுங்கள். பொடி பறக்கும்போது முகத்தில் தூசி வடிகட்டும் மாஸ்க் வேண்டும். சாயத்துக்குப் பயன்படுத்தின பானையும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகவே கூடாது.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அட்டை போடுங்கள். எந்த நூல், எத்தனை சிட்டம், எவ்வளவு தண்ணீர், எந்தச் சாயம் எத்தனை மில்லி, சிட்ரிக் அமிலம் எப்போது போட்டீர்கள், எந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். 450 கிராம் நூலுக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம், 85 முதல் 90 டிகிரி செல்சியஸ், அரைமணி நேரம் என்று ஆரம்பித்துப் பாருங்கள். பானைத் தண்ணீர் தெளிந்துவிட்டால் சாயம் முழுதும் நூலில் ஏறிவிட்டது. டர்க்காய்ஸ் நீலம் மட்டும் சோம்பேறி, தெளிய நேரம் எடுக்கும், அவசரப்பட்டு இறக்கினால் அலசும்போது அப்படியே வெளியேறும். கறுப்பும் ஊதாவும் வேறு மாதிரிப் படுத்தும். பல சாயங்கள் கலந்த நிறங்கள் அவை, சூப்பர்வாஷ் கம்பளி (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தினது) சாயத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் கலந்ததில் ஒன்று முந்திக்கொண்டு ஏறிவிடும், ஓரமெல்லாம் சிவப்போ நீலமோ தனியாகத் தெரியும். அமிலத்தைத் தாமதமாகப் போடுவதும் சூட்டை மெதுவாக ஏற்றுவதும் இதைக் கட்டுப்படுத்தும், அதனால்தான் அமிலம் போட்ட நேரத்தை எழுதச் சொல்கிறேன்.

அட்டையின் ஓரத்தில் ஓட்டை போட்டு அந்த நூலில் ஒரு சாண் கட்டி வைத்துவிடுங்கள். போட்டோ எடுத்து வைத்தால் போதாதா என்றால், போதாது. போன் கேமராவுக்குச் சிவப்பும் ஊதாவும் ஒழுங்காகத் தெரிவதே இல்லை.

பிறகு ஒரு பரீட்சை. அட்டையைப் பார்த்து, வீட்டில் இன்னொருவரைச் சாயம் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு சிட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சகோதரர்கள் மாதிரி இருந்தால் சரி, அந்த நிறம் கண்காட்சிக்கு வரலாம். இரட்டைப் பிள்ளைகளாக இருக்க வேண்டியதில்லை. கைச்சாயத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று பின்னுகிறவர்களுக்கும் தெரியும், ஸ்வெட்டர் போடும்போது இரண்டு வரிசைக்கு ஒருமுறை சிட்டம் மாற்றிப் பின்னிக்கொள்வார்கள்.

படி 4: விலை

அமெரிக்க நூல்கடைகள் பெரும்பாலும் வாங்கின விலையை இரட்டிப்பாக்கித்தான் விற்கும். கடையில் 30 டாலர் என்றால் உங்களுக்கு வருவது 15. அந்த 15ல் வெள்ளை நூல் 9 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாயம், லேபிள், பெட்டி எல்லாம் சேர்த்து 1 டாலர். மிச்சம் 5 டாலரில்தான் உங்கள் உழைப்பு, கரண்டு பில், வாடகை, இந்தக் கண்காட்சிச் செலவு எல்லாம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மொத்த வியாபாரமே வேண்டாம் என்று முடிவெடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கடைக்கு 15க்குக் கொடுத்துவிட்டு உங்கள் இணையதளத்தில் 24க்கு விற்காதீர்கள். கடைக்காரர்கள் ஸ்டாலில் நின்றுகொண்டே போனில் உங்கள் விலையைப் பார்ப்பார்கள்.

உங்களால் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள். 20 கடைகள், ஒவ்வொன்றும் 5 நிறம், நிறத்துக்கு 5 சிட்டம் என்றால் 500 சிட்டம், அதாவது 50 கிலோ நூல். ஒரு நாளைக்கு 40 சாயம் ஏற்ற முடிந்தால் சாயத்துக்கு மட்டும் 12, 13 நாள். காய்வது, திரும்பச் சுற்றுவது, முறுக்கி லேபிள் போடுவது எல்லாம் தனி. வெள்ளை நூல் கையில் இல்லாவிட்டால் அது வந்து சேரும் வாரங்களையும் சேர்த்துத்தான் டெலிவரி தேதி சொல்ல வேண்டும்.

படி 5: காகிதங்கள்

முக்கியமானது ஆர்டர் தாள். நிறத்தின் பெயர், குறியீடு, மொத்த விலை, சில்லறை விலை, குறைந்தபட்சம் எத்தனை வாங்க வேண்டும், எத்தனை வாரத்தில் அனுப்புவீர்கள், பணம் எப்போது என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். முதல் ஆர்டருக்குக் கார்டில் பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது பாதுகாப்பு. 30 நாள் கடன் எல்லாம் பழகின பிறகு பார்க்கலாம்.

கடைக்காரர் மறுவிற்பனைக்கு வாங்குகிறார் என்பதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ரோஸ்மாண்ட் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் அதற்கு சிஆர்டி 61 என்று ஒரு படிவம். லேபிள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கம்பளிப் பொருட்களுக்கு அமெரிக்காவில் 1940ல் வந்த லேபிள் சட்டம் நூலுக்கும் பொருந்தும், எந்த இழை எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தயாரானது, யார் பொறுப்பு என்ற மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் நூற்ற நூல் என்றால் "இங்கே கையால் சாயமேற்றியது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது.

படி 6: ஸ்டால்

வாடகை கட்டினால் கிடைப்பது பெரும்பாலும் பின்னால் 8 அடிக்கு ஒரு திரை, பக்கத்தில் 3 அடித் திரை, கீழே வெறும் சிமெண்டுத் தரை. கார்ப்பெட், மேசை, மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. கண்காட்சி அனுப்பும் விதிப் புத்தகத்தைச் சலிப்பாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள், முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்ற தேதி அதில்தான் ஒளிந்திருக்கும். திரைத்துணிகள் எளிதில் தீப்பிடிக்காதவை என்ற சான்றும் பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள்.

புதியவர்களைக் கவிழ்ப்பது சரக்கு கையாளும் கட்டணம். லாரியில் வந்த உங்கள் பெட்டியை அரங்க வாசலிலிருந்து ஸ்டால் வரை தள்ளிக்கொண்டு வருவதற்கு 100 பவுண்டு எடைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், பல இடங்களில் 200 பவுண்டு குறைந்தபட்சக் கணக்கு. சில சமயம் அந்த ஊருக்கு அனுப்பின செலவைவிட இது அதிகம். நூல் எடை குறைவு, இரும்புக் கம்பிச் சட்டங்கள்தான் எடை. அதனால் மடித்துக் கையில் தூக்கிப் போகக்கூடிய தாங்கிகளாகப் பாருங்கள், ஆனால் எவ்வளவு வரை நாமே தூக்கிப் போகலாம் என்ற விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். அரங்கத்து விளக்கில் உங்கள் அருமையான பாசிப்பச்சை சேற்று நிறமாகத் தெரியலாம். நிறத்தை உள்ளபடி காட்டும் குறியீடு 90க்கு மேல் இருக்கிற, 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான எல்இடி விளக்குகளை நீங்களே கொண்டுபோங்கள். மின் இணைப்புக்குக் கேட்கும் காசு கசக்கும்தான், கொடுத்துவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் அதே விளக்கில் 24 நிறத்தையும் அடுக்கிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது பின்னின சாம்பிள். சிட்டத்தைப் பார்த்துத் துணி எப்படி வரும் என்று கடைக்காரருக்கே சில சமயம் புரியாது, அவருடைய வாடிக்கையாளருக்கு எங்கே புரியும். ஒரு சால்வை, ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும். அவற்றின் பின்னல் குறிப்பு, பின்னுகிறவர்கள் கூடும் ராவெல்ரி இணையதளத்தில் கிடைப்பதாக இருக்கட்டும், வடிவமைத்தவரிடம் அனுமதி வாங்கி அவர் பெயரையும் போட்டு வையுங்கள். இந்த சாம்பிள்களைப் பெட்டியில் போட்டுக் கடைகளுக்குச் சில வாரம் இரவல் தருவதாகச் சொன்னால், தயங்கி நிற்கிற பலர் ஆர்டர் புத்தகத்தைத் திறப்பார்கள்.

படி 7: அந்த மூன்று நாள்

உட்காராதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், கெட்டியான ரப்பர் விரிப்பு ஒன்றை மேசைக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். வந்தவரிடம் முதலில் அவர் கடையைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊர், யார் வாங்குகிறார்கள், சாக்ஸ் நூல் போகுமா, ஸ்வெட்டர் நூல் போகுமா என்று. அவரும் கேட்பார். எங்கள் ஊரில் வேறு யாருக்குக் கொடுக்கிறீர்கள், எங்கள் கடைக்கென்றே ஒரு நிறம் செய்வீர்களா, இந்த நிறம் அடுத்த வருடமும் இருக்குமா. கடைசிக் கேள்வி வரும்போது நிற அட்டையை எடுத்துக் காட்டுங்கள். ஒரு சாண் நூல் கட்டின அந்த அட்டை, பக்கத்தில் வேறு வேறு நாளில் சாயமேற்றிய இரண்டு சிட்டம். பேச்சு குறைவாகவும் ஆர்டர் கூடுதலாகவும் வரும்.

கடைக்கென்று தனி நிறம் கேட்டால் உடனே தலையாட்டாமல் குறைந்தபட்சம் எத்தனை சிட்டம் எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

படி 8: திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் மின்னஞ்சல் போய்விட வேண்டும், ஆர்டர் கொடுக்காமல் விசிட்டிங் கார்டு மட்டும் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து. ஆர்டர்களைக் கடை வாரியாகச் சாயம் ஏற்றாமல் நிற வாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். ஆனால் ஒரு கடைக்குப் போகும் ஒரே நிறத்துச் சிட்டங்கள் முடிந்தவரை ஒரே பானையிலிருந்து வரட்டும். ஒவ்வொரு பானையிலிருந்தும் ஒரு துண்டு நூலை வெட்டி, தேதியும் கடையின் பெயரும் எழுதின சீட்டில் கட்டி டப்பாவில் போட்டுவிடுங்கள். அந்தக் கடை மறுபடி அதே நிறம் கேட்கும்போது முதலில் டப்பாவைத் திறந்து அந்தத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பானையை அடுப்பில் ஏற்றுங்கள்.