மாத்திரை மாறி வந்தால் அட்டையில் எதைப் பார்ப்பது?

நிறம், வடிவம், பெட்டி ஆகிய மூன்றும் மாறியிருந்தாலும் மருந்து அதேதானா என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். அதன் அருகில் மில்லிகிராம் அளவோடு இருக்கும் மருந்தின் பெயரைத்தான் படிக்க வேண்டும். மருந்துச் சீட்டையோ பழைய அட்டையையோ பக்கத்தில் வைத்து, முதலில் அந்தப் பெயரையும் பிறகு மில்லிகிராம் அளவையும் ஒப்பிடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: மருந்து எப்படி வெளியாகிறது என்பது. எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர் என்ற எழுத்துகள் இருந்தால் அது உடலில் மெதுவாகக் கரையும் மாத்திரை. பிரஷர், இதய நோய்க்குத் தரும் மெட்டோபுரோலால் இரண்டு வகையாக வருகிறது. சக்சினேட் பொதுவாக மெதுவாகக் கரையும் வகை, நாளுக்கு ஒரு வேளை. டார்ட்ரேட் பெரும்பாலும் உடனே கரைவது, இரண்டு வேளை. மில்லிகிராம் ஒத்துப்போனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

மாறி வருவது பல நேரம் ஜெனரிக், அதாவது அசல் மருந்தையே வேறு கம்பெனி குறைந்த விலையில் தயாரிப்பது. விலை குறைவு என்றதும் வீரியமும் குறைவு என்று நினைப்பதுதான் வழக்கம். முதலில் கண்டுபிடித்த கம்பெனி செய்த பெரிய ஆய்வுகளை ஜெனரிக் தயாரிப்பாளர் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. செலவு அங்கேதான் மிச்சமாகிறது. ஆனால் பொதுவாக, மருந்து ரத்தத்தில் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் சேர்கிறது என்பதை அசல் மருந்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்த அளவு அசலில் 80–125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பைப் பார்த்து, ‘மாத்திரையில் 20 சதவீதம் மருந்து குறையலாம்’ என்று சொல்வது தவறு. ஆய்வில் கிடைத்த சராசரி மட்டுமல்ல, அதன் 90 சதவீத நம்பக எல்லை (உண்மையான சராசரி இருக்கக்கூடிய இடைவெளி) முழுவதும் அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். அதனால் உண்மையான வித்தியாசம் பொதுவாக மிகச் சிறியது.

சில மருந்துகளில் அந்தச் சிறிய வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்க), லெவோதைராக்ஸின் (தைராய்டு), ஃபெனிடோயின் (வலிப்பு), டாக்ரோலிமஸ் (மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு) போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம். லெவோதைராக்ஸின் கம்பெனி மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

நிஜமான ஆபத்து பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. பழைய அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருக்கும். வேறு பெயரில் புதிய அட்டையும் வந்துவிடும். இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளில் இது மயக்கம் வரை கொண்டுபோகும். இரண்டு அட்டையையும் ஒரே ரப்பர் பேண்டில் கட்டி, மேலே மருந்தின் பெயரை மார்க்கரில் எழுதி, பழையதை முடித்த பிறகு புதியதைத் தொடங்குங்கள். மாத்திரை எடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

மாற்றிய பிறகு தலைசுற்றல், அரிப்பு என்று ஏதாவது வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக வலிப்பு மருந்தை. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் அடுத்த வேளையைப் போடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ‘இது மட்டம்’ என்ற எண்ணமே சிலருக்குத் தொந்தரவைக் கூட்டும். அதே சமயம், மாத்திரையில் சேர்த்த லாக்டோஸோ நிறமியோ ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். எது என்று ஊகிப்பதைவிட மாற்றிய தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி, அட்டையிலுள்ள பேட்ச் எண் மூன்றையும் குறித்து, அந்த அட்டையோடு டாக்டரிடம் போங்கள்.