இழுப்பது வேறு, சுமப்பது வேறு: கேம்பருக்கு பிக்கப் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

அரிசோனாவில் கிங்மன் பக்கம், ஐ-40 சாலையோரத்து லாரி நிறுத்தம் ஒன்றின் எடைமேடையில்தான் எனக்குப் புத்தி வந்தது. கலிபோர்னியாவிலிருந்து கிராண்ட் கேன்யனுக்குக் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தோம். பிக்கப்பின் முதுகில் கேம்பர், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள பெட்டி வீடு, ஏற்றிய முதல் பயணம் அது. முந்தின இரவு எதிரே வந்தவர்கள் எல்லாம் ஹை பீமைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். நான் லோ பீமில்தான் போனேன். வண்டியின் பின்புறம் அமுங்கி மூக்கு மேலே தூக்கியதில், என் விளக்கு நேராக அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. பக்கத்தில் லாரி ஒன்று கடந்தால் ஸ்டியரிங் கையில் மிதந்தது. காற்றுதான் காரணம் என்று மனைவிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மேடையில் கிடைத்த சீட்டில் முன் அச்சு 3,240 பவுண்டு, பின் அச்சு 4,720, மொத்தம் 7,960. கதவோரத்தில் கம்பெனி ஒட்டியிருந்த உச்ச வரம்போ 7,050. பின் அச்சுக்கு மட்டும் 4,100. மொத்தத்தில் 910 பவுண்டு அதிகம். இரண்டு குழந்தைகளையும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, 400 மைல் அப்படி ஓட்டி வந்திருக்கிறேன்.

வண்டியை விற்றவர் பொய் சொல்லவில்லை. "11,000 பவுண்டு இழுக்கும்" என்றார். உண்மைதான், இழுக்கும். ஆனால் பின்னால் கோர்த்து இழுக்கிற டிரெய்லருக்குத் தனியாகச் சக்கரங்கள் உண்டு, எடையில் பெரும்பங்கை அவையே தாங்கிக்கொள்ளும். பெட்டில், அதாவது பிக்கப்பின் பின்புறத் திறந்த சரக்குத் தட்டில், ஏற்றி வைக்கிற கேம்பருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் முழு எடையும் வண்டியின் ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக் மேல்தான் விழும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது இழுவைத் திறன். நமக்கு வேண்டியது பேலோட், அதாவது வண்டி தன் மேல் சுமக்கும் திறன். அது விளம்பரத்தில் அந்த அளவுக்குக் கண்ணில் படாது.

அதைப் பார்க்க ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் போதும். கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த ஓர் எண்ணை நம்புங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணையும், பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டிக்குச் சொல்லும் எண்ணையும் நம்பாதீர்கள். ஒரே ஆண்டு, ஒரே மாடல் வண்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் 1,900 இருக்கும், மற்றதில் 1,350 இருக்கும். நான்கு கதவு கேபின், நான்கு சக்கர இயக்கம், சன்ரூஃப், சூடேறும் தோல் இருக்கை என்று சேர்க்கச் சேர்க்க வண்டியின் சொந்த எடை கூடும், சுமக்கும் திறன் அதே அளவு குறையும். ஆக, ஷோரூமில் அதிக விலைக்கு நிற்கிற வண்டிதான் பல நேரம் குறைவாகச் சுமக்கும். நம் ஆட்கள் டாப் எண்டு மாடலைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"ஹாஃப் டன்" என்ற பெயரையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எஃப்-150, ராம் 1500, சில்வராடோ 1500 எல்லாம் அந்த வகை. எஃப்-250, 2500 முக்கால் டன், எஃப்-350, 3500 ஒரு டன். ஒரு காலத்தில் சுமக்கும் அளவைச் சொன்ன பெயர்கள் இப்போது வெறும் வகைப் பெயர்களாக நின்றுவிட்டன.

என் கணக்கு எங்கே போனது? ஸ்டிக்கரில் 1,650. நாங்கள் நால்வரும் 440. கேம்பரின் விளம்பரத் தாளில் 1,350 என்று இருந்தது. இந்த இரண்டைக் கூட்டினாலே 1,790 ஆகிறது. வாங்குகிற அன்று ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப் பார்த்திருந்தாலே கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு மேல், அந்த 1,350 என்பது வெறும் கூட்டின் எடை. ஏசி, வெளிக்கூரை, இரண்டாவது பேட்டரி, தூக்கி நிறுத்தும் ஜாக்குகள் எல்லாம் "ஆப்ஷன்" என்பதால் கணக்கில் சேரவில்லை. அது ஒரு 200. தண்ணீர் ஒரு காலன் 8.34 பவுண்டு, 30 காலன் டாங்கி நிரப்பினால் 250. கேஸ் நிரப்பிய 20 பவுண்டு சிலிண்டர் இரண்டு, இரும்பின் எடையும் சேர்த்து 75. மிச்சம் 245 பவுண்டு எங்கள் மூட்டை முடிச்சு. அதில் பொன்னி அரிசி 20 பவுண்டு மூட்டை ஒன்றும், இட்லிப் பானையும், எதற்கென்று இன்றுவரை விளங்காத ஒரு தோசைக்கல்லும் அடக்கம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். எல்லோரும் முதலில் வண்டியை வாங்கிவிட்டு, அதற்கு ஏற்ற கேம்பரைத் தேடுகிறார்கள். முதலில் கேம்பரை முடிவு செய்யுங்கள். எத்தனை பேர் படுக்க வேண்டும், உள்ளே கழிப்பறை வேண்டுமா, எத்தனை நாள் வெளியே இருப்பீர்கள் என்று யோசித்து, தண்ணீரும் கேஸும் நிரம்பிய நிலையில் அதன் எடையைக் கணக்கிட்டு, குடும்பத்தையும் சாமானையும் கூட்டி, அதற்கு மேல் பத்து சதவீதம் இடைவெளி விட்டு, பிறகு வண்டி பார்க்கப் போங்கள். ஏற்கெனவே ஹாஃப் டன் வைத்திருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது: துணிச் சுவரோடு கூரை மட்டும் மேலெழும்பும் பாப்-அப் கேம்பர். கணவன் மனைவி இருவருக்கு அது நன்றாகவே போதும். நான்கு பேருக்குப் போதாது.

இந்த இடத்தில் ஒரு குரல் எழும்: "ஏர் பேக் போட்டுட்டா சரியாயிடும் பாஸ்." பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பையைச் சொல்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார், போட்டேன். பின்புறம் நிமிர்ந்தது, விளக்கு நேரானது, பார்க்க அழகாக இருந்தது. எடை அதே 7,960-தான். துணை ஸ்பிரிங்கும் காற்றுப் பையும் வண்டியின் சாய்வையும் ஆட்டத்தையும் குறைக்கும். அச்சையும் பிரேக்கையும் சக்கரத்தையும் அவை மாற்றுவதில்லை, ஸ்டிக்கரில் உள்ள எண் ஒரு பவுண்டுகூட உயராது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு முறிந்த காலோடு நடக்கிற கதை அது. வரம்புக்குள் இருக்கும் வண்டியில் போடுங்கள், நல்ல பொருள்தான்.

அடுத்த பொறி முக்கால் டன் டீசல். பெரிய வண்டி, பெரிய இஞ்சின், இனி என்ன கவலை என்று தோன்றும். ஆனால் பல முக்கால் டன் வண்டிகளின் மொத்த வரம்பு 10,000 பவுண்டு என்று பதிவு வசதிக்காகக் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. டீசல் இஞ்சினோ பெட்ரோல் இஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், டீசல் என்று எடுத்தால், சில வண்டிகளில் பேலோட் 2,000 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். நல்ல ஹாஃப் டன் ஒன்றே அதை எட்டிவிடுமே! என்னைக் கேட்டால், கேம்பர் மட்டும் சுமக்கப் போகிறீர்கள், பின்னால் எதையும் இழுக்கப் போவதில்லை என்றால், பெட்ரோல் இஞ்சின் போட்ட ஒரு டன் வண்டி போதும். டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதிக் கேம்பர் வந்துவிடும்.

பெட்டின் நீளத்தையும் யாரும் யோசிப்பதில்லை. ஐந்தரை அடி, ஆறரை அடி, எட்டு அடி என்று வருகிறது. நகரத்தில் நிறுத்தச் சுலபம் என்று குட்டை பெட் எடுக்கிறோம். கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். குட்டை பெட்டில் நீளக் கேம்பரை ஏற்றினால் அந்த மையம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். சீசா பலகைபோல முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிமானம் இழக்கும். மலை இறக்கத்தில் அப்படி ஒரு வளைவு வந்தால் பிறகு வண்டி நம் பேச்சைக் கேட்காது. கேம்பர் தயாரிப்பாளர்கள் பக்கவாட்டில் எடை மையத்தைக் குறித்து ஒட்டியிருப்பார்கள். வண்டியோடு வரும் கையேட்டிலும் அது எங்கே விழலாம் என்று படம் போட்டிருக்கும். வாங்கும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். கேபின் கூரைக்கும் கேம்பரின் மூக்குக்கும் இடையே சில அங்குல இடைவெளி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

டயர்: புதிய ஹாஃப் டன்னில் பெரும்பாலும் கார் வகை டயர்தான் வரும், சொகுசாக ஓடும். சுமைக்கு எல்.டி. (லைட் டிரக்) என்று பொறித்த டயர் வேண்டும், கேம்பர் என்றால் அதில் கனச் சுமை தாங்கும் லோட் ரேஞ்ச் இ ரகம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்.டி.275/70ஆர்18 அளவு இ ரக டயர் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும், ஆனால் 80 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால்தான். காற்று குறைந்தால் தாங்கும் எடையும் குறையும், ஜூலை மாதத்து மொஹாவே பாலைவனத்தில் அந்த டயர் சூடேறி வெடிக்கும். பழைய கேம்பர் வண்டி வாங்குகிறவர்கள் தேய்மானத்தை மட்டும் பார்க்காமல், பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வெளியே புதிதுபோலப் பளபளப்பாக இருக்கும், ரப்பர் உள்ளுக்குள் செத்திருக்கும்.

கேம்பரைக் கட்டும் கொக்கிகளை பெட்டின் தகட்டில் மாட்டாமல் சேசிஸில் மாட்டுங்கள். கீழே தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம். முதல் 50 மைலில் நிறுத்தி இறுக்கத்தைச் சரிபாருங்கள். இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

மின்சாரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நம் சமையல் அப்படி. அமெரிக்கர் ஒருவர் ரொட்டியில் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். நமக்கு மிக்ஸி வேண்டும், இண்டக்‌ஷன் வேண்டும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதே சுமார் 1,280 வாட்-மணி. சாம்பார் கொதிக்கும்போது பேட்டரி காலி. கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் போதும். இன்னும் சொன்னால், குக்கர் ஆடம்பரமே இல்லை. பிரைஸ் கேன்யன் முகாம் 8,000 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு வேகக் காத்திருந்தால் விடிந்துவிடும். உள்ளே சமைக்கும்போது ஜன்னல் ஒன்றைத் திறந்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரி தானாக நிரம்பிவிடும் என்று நினைப்பது இன்னொரு தப்புக் கணக்கு. பின்னால் இருக்கும் ஏழு முள் இணைப்பில் வரும் கம்பி மெல்லியது, தூரமும் அதிகம், வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். ஐந்து மணி நேரம் ஓட்டியும் பேட்டரி பாதிகூட ஏறாது. தடித்த கம்பி இழுத்து, நடுவில் இறங்கிய வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று போட்டால்தான் தீரும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். மே மாதத்திலும் மலைமேல் இரவு உறையும், ஆகவே அதை வெளிப் பெட்டியில் வைக்காமல் கேம்பருக்குள் வையுங்கள்.

பிறகு பாதை. கூகுள் மேப்புக்கு உங்கள் தலைக்குமேல் ஒரு வீடு இருப்பது தெரியாது. ஏசியின் உச்சி வரை அளந்து, அடி அங்குலத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். வட கரோலினாவில் டர்ஹம் ரயில் பாலத்தைப் பற்றிக் கேரி, மாரிஸ்வில் பக்கத்துத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்று எத்தனையோ லாரிகளின் கூரையைச் சீவிய பாலம். 2019-இல் 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் சீவுகிறது. யூட்டாவில் சயன் பூங்காவின் சுரங்கப் பாதை 1930-இல் திறந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அங்கே கட்டுப்பாடு உண்டு. கிளம்பும் முன் பூங்காவின் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மாநிலத்தின் மோக்கி டக்வே மண் சாலை, 28 அடி நீளத்துக்கும் 10,000 பவுண்டுக்கும் உட்பட்ட வண்டிகளுக்கே ஏற்றது என்கிறார்கள். ஒரு டன் வண்டியில் முழுக் கேம்பர் ஏற்றினால் அந்த எடையைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். கிழக்குக் கரையில் சிக்கல் வேறு. பால்ட்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைகளில் 20 பவுண்டு கேஸ் சிலிண்டரோடு நுழையக் கூடாது. மாற்று வழியாக இருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் இடிந்ததிலிருந்து ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

வீட்டருகே நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. குடியிருப்புச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் கேம்பர் வாங்கிய பிறகு படித்து, மாதம் நூறு டாலருக்குமேல் வாடகை கொடுத்து எங்கோ நிறுத்தி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பல வாகன இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் கேம்பர் தானாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நேராக யெல்லோஸ்டோனுக்குக் கிளம்பாதீர்கள். தண்ணீரும் கேஸும் நிரப்பி, சாமான் எல்லாம் அடுக்கி, குடும்பம் முழுவதும் ஏறி, முதலில் அருகிலுள்ள லாரி நிறுத்தத்து எடைமேடைக்குப் போங்கள். செலவு ஒரு பீட்சா விலைகூட ஆகாது. பிறகு வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி கேம்பருக்குள் படுங்கள். எங்கள் பெரியவன் அன்று இரவு இரண்டு மணிக்கு, மேல் படுக்கையிலிருந்து கீழே இறங்க ஏணி இல்லை என்பதைக் கண்டுபிடித்தான்.