கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில்: நார்வே துறைமுக ஊர்களை நடந்தே பார்க்க

நார்வேயில் பல ஊர்களில் சுற்றுலாக் கப்பல் வந்து நிற்பதே ஊரின் நடுவில்தான். கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலா இல்லாமலே நல்ல இடங்களை நடந்து பார்த்துவிடலாம். பார்க்கும் வரிசை மட்டும் முக்கியம். உயரமான, தொலைவான இடத்துக்கு இறங்கியவுடன் போய்விடுங்கள். கப்பலை ஒட்டி இருப்பதைக் கடைசிக்கு வையுங்கள். மழையோ கால்வலியோ தாமதப்படுத்தினாலும் அப்போது கப்பல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

முதலில் நேரக் கணக்கு. கப்பல் 8 மணிக்கு வந்து 17 மணிக்குக் கிளம்புகிறது என்றால், தரையில் கால் வைக்க 8:30 ஆகும். எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் கிளம்புவதற்கு அரை மணி முன்பு, அதாவது 16:30. அதிலும் ஒரு மணி நேரம் கழித்துக்கொண்டால் கையில் இருப்பது 7 மணி நேரம். கப்பல் கரைக்கு வராமல் சிறு படகில் இறக்கிவிடும் ஊர் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் போய்விடும்.

கடிகாரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்திலிருந்து கிளம்பும் கப்பல் பிரிட்டிஷ் நேரத்திலேயே ஓடினால், கரையில் மணி ஒன்று கூடுதலாக இருக்கும். கைபேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். கப்பலின் அறிவிப்புத்தாளோ கப்பல் நேரத்தைச் சொல்லும். ஒரு கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள்.

வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பி நடக்காதீர்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று போட்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 3 கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏற வேண்டுமானால் முக்கால் மணியோடு அரை மணி சேர்ந்து ஒன்றேகால் மணி நேரம்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே தொப்பி வைத்த மழைச்சட்டை. குடை காற்றில் மடங்கிவிடும். காலணியின் அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்க வேண்டும். நனைந்த மரப்பலகையும் உருளைக்கல் பாவிய தெருவும் சறுக்கும். கழிப்பறைக்குக்கூட வங்கி அட்டையில்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், காலையில் கப்பலிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

பெர்கனில் கப்பல் எங்கே நிற்கிறது என்று முன்பே பாருங்கள். ஸ்கோல்டன் துறை என்றால் கோட்டையைத் தாண்டி பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிரிக்கன் என்ற பழைய மரவீடுகள் நிற்கும் துறைப்பகுதி. யெக்தவீகன் என்றால் துறைமுக வளாகத்துக்குள் நடக்க விடமாட்டார்கள். இலவசப் பேருந்தில்தான் வெளியே வர வேண்டும். இரண்டிலும் முதல் வேலை ஃப்ளோயன் மலை. 1918 முதல் ஓடும் மலை ரயில் (பழனியில் விஞ்ச் என்கிறோமே, அதே வகை) சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்தில் விட்டுவிடும். மூன்று கப்பல் ஒரே நாளில் வந்திருந்தால் பத்து மணிக்கு மேல் வரிசை தெருவுக்கு வந்துவிடும், அதனால் ஒன்பதுக்குள் போய்ச் சேருங்கள். ஏறுவதற்கு மட்டும் சீட்டு வாங்கி, இறங்கும்போது நடப்பதுதான் சிறந்த வழி. வளைந்து வளைந்து காட்டுப்பாதையில் முக்கால் மணி நேரம் இறங்கினால், ஸ்கான்சன் என்ற பழைய தீயணைப்பு நிலையத்தைக் கடந்து மரவீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளில் வந்து சேர்வீர்கள். ஊரின் அழகே இந்தச் சந்துகளில்தான் இருக்கிறது. பிறகு பிரிக்கன்: 1702 தீக்குப் பின் பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டியது, 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. முகப்பை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், வீடுகளுக்கு நடுவே ஓடும் மரப்பலகை பாவிய சந்துகளுக்குள் நுழையுங்கள். மீன் சந்தையைப் பார்த்தால் போதும், சாப்பிட்டால் பர்ஸ் காலி.

ஓலசுன் நடப்பவர்களுக்கென்றே அமைந்த ஊர். பூங்காவின் பின்னாலிருந்து 418 படி ஏறினால் அக்ஸ்லா குன்று. நின்று நின்று போனாலும் அரை மணி. தீவுகள் மேல் ஊர் எப்படிப் பரவியிருக்கிறது என்பது அங்கிருந்துதான் புரியும். 1904 ஜனவரி 23 இரவு பிடித்த தீ ஊரின் பெரும்பகுதியை அழித்தது. ஏறக்குறைய பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். பிறகு மரத்தை விட்டுக் கல்லும் செங்கல்லும் கொண்டு மூன்றே ஆண்டுகளில் ஆர்ட் நூவோ என்ற வளைவான அலங்காரங்கள் கொண்ட பாணியில் எழுப்பிவிட்டார்கள். கீழே நடக்கும்போது கடைகளை விட்டுவிட்டு, கூரைக் கோபுரங்களையும் கதவு மேல் செதுக்கல்களையும் அண்ணாந்து பாருங்கள்.

கெய்ராங்கரில் படகில் இறங்குவதே பாதிப் பிரச்சினை. முதல் படகுச் சீட்டுக்கு முயலுங்கள். அருவியை ஒட்டியே மேலே போகும் 327 படிகள், ஃபியோர்டுகளை (மலைகளுக்கு நடுவே நீளும் கடல்நீர்ப் பள்ளத்தாக்குகளை) விளக்கும் மையம், திரும்பும் வழியில் 1842-இல் கட்டிய எண்கோணத் தேவாலயம் என்று இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஃப்ளைதால்சூவெட் காட்சிமுனைக்குச் சாலையோரமாக நடக்க வேண்டாம். சாலை குறுகல், சுற்றுலாப் பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். கடைசிப் படகின் நேரத்தைக் கரையில் இறங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்டாவாங்கரில் வெள்ளை மரவீடுகள் நிறைந்த பழைய பகுதி கப்பலுக்கு எதிரேயே இருக்கிறது, கடைசி ஒரு மணி நேரத்துக்கு அது போதும். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்க்காதீர்கள். 604 மீட்டர் உயரப் பிரைகஸ்டோலன் பாறைக்கு ஆசைப்பட்டால்: போகவர 8 கிலோமீட்டர், நடைக்கு மட்டும் நான்கு முதல் ஐந்து மணி நேரம், அதற்கு மேல் பேருந்து நேரம். நான்கு மணிக்கே கிளம்பும் கப்பலில் வந்தவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

ட்ரொம்சோவில் ப்ரொஸ்ட்நெசட் துறை ஊர் நடுவில். ப்ரைவீகா துறையோ நாலு கிலோமீட்டர் வடக்கே. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் பாலத்தை நடந்து கடந்தால் 1965-இல் கட்டிய ஆர்க்டிக் தேவாலயம். அங்கிருந்து சற்றுத் தள்ளி, நேபாள ஷெர்ப்பாக்கள் கல்லடுக்கிக் கட்டிய 1,200 சொச்சம் படிகள் மலையுச்சிக்குப் போகின்றன. பனிக்காலத்தில் படிகளைத் தொடாதீர்கள், கேபிள் கார் இருக்கிறது. அப்போது ஊருக்குள் நடக்கவே காலணியில் மாட்டும் இரும்பு முள் தேவைப்படும்.

எல்லாம் மீறி நேரம் தவறுகிறது என்றால் உடனே கூப்பிட வேண்டியது துறைமுக முகவரை (கரையில் கப்பலின் வேலைகளைக் கவனிப்பவர்); அவர் எண் கப்பலின் அன்றாட அறிவிப்புத்தாளில் இருக்கும். காலையிலேயே அதைப் படம் எடுத்து வையுங்கள். கடவுச்சீட்டின் நகலும் ஒரு வங்கி அட்டையும் பையில் இருக்கட்டும், ஏனென்றால் அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. அடிபட்டு நடக்க முடியாமல் போனால் ஆம்புலன்ஸுக்கு 113.